காகிதத்துக்குக் கனம் வந்த கதை

1908ஆம் ஆண்டு ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நியூயார்க் ஹெரால்டு நாளிதழின் வண்ண இணைப்பில் ஒரு கட்டில் எழுந்து நடக்கிறது. நீமோ என்ற சிறுவனும், பச்சை முகமும் வாயில் சுருட்டுமாகத் திரியும் அவன் தோழன் ஃபிளிப்பும் அதன்மேல் இருக்கிறார்கள். முதலில் கட்டிலின் கால்கள் லேசாக அசைகின்றன. பிறகு நீள்கின்றன. வீட்டை விட்டு வெளியேறித் தெருவில் இறங்கும்போது அவை மரங்களின் உயரத்துக்கு வந்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் மாடிக் கட்டடங்களைக் குதிரை வேலி தாண்டுவதுபோலத் தாண்டிப் போகிறது கட்டில். கடைசியில் ஒரு தேவாலயக் கோபுரத்தில் கால் இடறி விழுகிறது. மூலையில் உள்ள சின்னக் கட்டத்தில் நீமோ தன் படுக்கையிலிருந்து தரையில் விழுந்து கிடக்கிறான். எல்லாம் கனவு.

கதை இவ்வளவுதான். கதையைச் சொல்லிவிட்டால் பக்கத்தைச் சொல்லிவிட்டதாக ஆகாது. கட்டிலின் கால்கள் நீள நீள, அந்தப் படம் அடங்கிய கட்டமும் உயரமாகிக்கொண்டே போகிறது. மேல் வரிசையில் குட்டையாக இருந்த கட்டங்கள் கீழே வரும்போது தூண்களைப்போல நெடிதாக நிற்கின்றன. வாசிப்பவரின் கண் ஒவ்வொரு கட்டத்திலும் முன்பைவிடச் சற்று அதிக தூரம் மேலிருந்து கீழே இறங்க வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கும்போது அந்த உயரம் வயிற்றில் தெரிகிறது. கட்டில் ஆடி அசைந்தாலும், ஒவ்வொரு கட்டத்திலும் அது எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறது, எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்று பார்த்த கணமே புரிகிறது.

இதை வரைந்தவர் வின்சர் மெக்கே. ஆறு ஆண்டுகள் கழித்து, இதே கை கெர்ட்டி என்ற டைனோசரைத் திரையில் நடக்கவிட்டது. அனிமேஷனின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகப் படங்களைச் சுற்றி அசையவைத்த சுழலும் சக்கரங்களில் தொடங்கி, தாள்களை வேகமாகப் புரட்டினால் படம் அசைவதுபோலத் தெரியும் புரட்டுப் புத்தகத்துக்கு வந்து, சினிமாக் கருவிக்குத் தாவிவிடுவார்கள். செய்தித்தாள் சித்திரத்தொடர் அந்தப் பாதையில் ஓர் ஓரத்து ஊராக நின்றுவிடும். எனக்கு இது ஏற்க முடியாததாக இருக்கிறது. படங்களை அசைய வைக்கும் கருவிகள் பல இடங்களில் பலரால் செய்யப்பட்டன. அசையும் படத்துக்குக் கனம் வேண்டும், மூச்சு வேண்டும் என்ற அறிவு ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் பக்கத்தில்தான் பழகி முதிர்ந்தது.

அந்தப் பக்கம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1890களின் நடுவில் நியூயார்க்கில் இரண்டு பத்திரிகை முதலாளிகள் மோதிக்கொண்டார்கள். நியூயார்க் வேர்ல்டு இதழை நடத்திய ஜோசப் புலிட்சர் ஒருவர். கலிபோர்னியாவிலிருந்து வந்து ஜர்னல் இதழை வாங்கிய வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் இன்னொருவர். கப்பல் கப்பலாகக் குடியேறிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நகரம் அது. ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் படிப்பவர்களும், படிக்கவே தெரியாதவர்களும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் பத்திரிகையைக் கொண்டுபோகப் படம் வேண்டியிருந்தது. வண்ணப் படம் என்றால் இன்னும் நல்லது. 1896இல் ஹெர்ஸ்ட் தன் வண்ண இணைப்பை, வானவில்லையே ஈயக்குழாய்போல மங்கிப்போகச் செய்யும் எட்டுப் பக்கங்கள் என்று விளம்பரம் செய்தார்.

இந்தப் போட்டியின் நடுவில் நின்றது ஒரு மொட்டைத் தலைச் சிறுவன். ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த சேரிப்பகுதிப் பிள்ளைகளின் கூட்டத்தில் அவன் ஒருவன். காது விரிந்தவன், நீண்ட மஞ்சள் அங்கி போட்டவன். அந்த அங்கியின்மேலேயே அவன் பேச வேண்டிய சொற்கள் எழுதப்பட்டிருக்கும். புலிட்சரின் இதழில் 1895 முதல் வந்துகொண்டிருந்தவனை அடுத்த ஆண்டு ஹெர்ஸ்ட் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புலிட்சர் விடவில்லை, வேறு ஓவியரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து வரையவைத்தார். ஒரே பையன் இரண்டு பத்திரிகைகளில்! பரபரப்பு இதழியலை ‘மஞ்சள் பத்திரிகை’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது இந்தச் சண்டையின் காலத்தில்தான்.

1896 அக்டோபர் 25 அன்று வந்த ஒரு பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் பையன் ஒரு ஃபோனோகிராஃப் பெட்டியின், அதாவது பதிந்த குரலை ஒலிக்கும் பெட்டியின், பக்கத்தில் நிற்கிறான். பெட்டியிலிருந்து அவனைப் புகழ்ந்து குரல் வருகிறது. கடைசிப் படத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கிளி வெளியே வருகிறது. இவ்வளவு நேரம் பேசியது கிளிதான். அடுத்தடுத்த படங்களில் ஒரு நிகழ்ச்சி நகர்கிறது. குரல் குமிழுக்குள் எழுத்தாக வருகிறது. குரல் எங்கிருந்து வருகிறது என்பதே அங்கே நகைச்சுவை என்பதால், குமிழ் அந்தப் பக்கத்துக்கு அவசியமாக இருக்கிறது. பேச்சுக்குமிழ்கள் பழைய கேலிச்சித்திரங்களிலும் உண்டு. தொடர்படமும் ஐரோப்பாவில் முன்பே உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி சேர்ந்துகொண்ட இடங்களில் இது முக்கியமானது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ருடால்ஃப் டர்க்ஸ் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற இரண்டு வால்பையன்களின் தொடரை ஆரம்பித்தார். வில்ஹெல்ம் புஷ் என்ற ஜெர்மானியர் 1865இல் வெளியிட்ட குறும்புப் பையன்களின் கதைதான் அதற்கு முன்மாதிரி. அதற்குப் பிறகு ஞாயிறு இணைப்பில் கட்டம் கட்டமாகக் கதை சொல்வது வழக்கமாகிவிட்டது.

அச்சு வேலையையும் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது. ஓவியர் வண்ணம் தீட்டிக் கொடுப்பதில்லை. கறுப்பு மையில் கோட்டோவியமாக வரைந்து, எங்கே எந்த நிறம் வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். அந்தப் படத்தைப் புகைப்படம் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரிக்கவைத்து பிளாக் செய்வார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு. இடைப்பட்ட நிறங்களுக்குப் புள்ளிகளையும் கோடுகளையும் நெருக்கியும் தளர்த்தியும் வைப்பார்கள். ஆகவே நாம் ரசிக்கும் அந்த ஊதா வானமும் வெளிறிய பச்சை நிலவொளியும் பெயர் தெரியாத பிளாக் தொழிலாளர்களின் கைவண்ணமும்கூட. ஹெரால்டு இதழின் அச்சகம் இதில் மிகவும் கெட்டி. மெக்கேயின் மெல்லிய கோடுகள் மங்காமல் அச்சானதற்கு அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

தினத்தந்தியில் கன்னித்தீவை நாளுக்குச் சில கட்டங்களாகப் படித்து வளர்ந்தவர்களுக்குச் சித்திரத்தொடர் என்றதும் ‘நாளைக்கு என்ன ஆகும்’ என்ற ஆவல்தான் நினைவுக்கு வரும். அந்தத் தினசரி வடிவம் அமெரிக்காவில் நிலைபெற்றது 1907க்குப் பிறகு. அதற்கு முந்தைய ஞாயிறு பக்கம் வேறு வகை. ஏறத்தாழ 16 அங்குல அகலமும் 21 அங்குல உயரமும் உள்ள முழுத்தாள் அது. பிள்ளைகள் அதைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். அந்த அளவில் பக்கம் முதலில் ஒரே படமாகக் கண்ணில் படும். அதன் பிறகே கட்டங்களாகப் பிரியும். மெக்கே இந்த இரண்டு பார்வைகளுக்கும் சேர்த்தே வரைந்தார். கைப்பேசியில் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிப் பார்ப்பவருக்கு நடக்கும் கட்டில் அழகான படமாகத் தெரியலாம். அது வளர்ந்தது தெரியாது.

மெக்கே மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர். ஓவியப் பள்ளிப் படிப்பு என்று பெரிதாக இல்லை. ஜான் குடிசன் என்ற ஆசிரியரிடம் தொலைநோக்கு வரைவை, அதாவது பொருள்கள் தூரத்தில் எப்படிச் சிறுத்துத் தெரியும் என்பதன் கணக்கை, உருப்போட்டதுபோலக் கற்றார். பிறகு சின்சினாட்டி நகரில் ஒரு வேடிக்கைக் காட்சிசாலைக்கு விளம்பரத் தட்டிகள் வரைந்தார். அங்கே காட்டப்பட்டவை விசித்திரங்கள். வாசலில் நிற்பவரை உள்ளே இழுப்பது தட்டி. நம்ப முடியாததை நம்பும்படி வரைவதுதான் அந்த வேலைக்குக் கூலி. கண்ணால் பார்த்தபடியே வேகமாக, அழிக்காமல், கோடு தவறாமல் வரையும் பழக்கம் அங்கே வந்தது. 1903இல் நியூயார்க் வந்து ஹெரால்டு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அடுத்த மூன்றாண்டுகளில் அவர் எடுத்த தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு சோதனை. சாமி என்ற சிறுவனின் தும்மல் ஒன்று. வாரம்தோறும் அதே கதை: மூக்கு நமநமக்கும், வாய் திறக்கும், தும்மல் வெடிக்கும், சுற்றியுள்ளவை சிதறும், சாமியை உதைத்து விரட்டுவார்கள். ஆறே கட்டங்கள். இதில் சுவை எங்கே என்று கேட்கலாம். முதல் நான்கு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையனின் முகம் மட்டும் மிகக் கொஞ்சமாக மாறுகிறது. புருவம் ஏறுகிறது, உதடு பிதுங்குகிறது, கண் சுருங்குகிறது. ஓர் அசைவை அதன் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படியையும் வரைவது என்ற அனிமேஷனின் வேலை 1904இல் செய்தித்தாளில் நடந்துகொண்டிருக்கிறது. 1905 செப்டம்பர் 24 அன்று சாமி வெறுமையான கட்டங்களுக்குள் தனியாக நிற்கிறான். சிதறடிக்க எதுவும் இல்லை. தும்முகிறான், கட்டத்தின் கறுப்புக் கோடே உடைந்து அவன் தலைமேல் நொறுங்கி விழுகிறது. கோட்டுக்கும் கனம் உண்டு என்று காட்டிய பக்கம் அது.

இன்னொன்று பெரியவர்களுக்கான தொடர். ஹெரால்டின் மாலை இதழில் ‘சைலஸ்’ என்ற புனைபெயரில் வந்தது. இரவில் பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றிய ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தவர்கள் காணும் கெட்ட கனவுகள். கடைசிக் கட்டத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டு அந்த ரொட்டியைச் சபிப்பார்கள். ஒரு பெண்ணின் முதலைத்தோல் பை முதலையாகவே மாறுவதும், உயிரோடு இருப்பவன் சவப்பெட்டிக்குள்ளிருந்து தன் இறுதிச் சடங்கைப் பார்ப்பதும் அங்கே நடக்கும். 1905 அக்டோபர் 15 அன்று இதே அமைப்பைப் பிள்ளைகளுக்கு மாற்றி, தன் மகன் ராபர்ட்டை மாதிரியாக வைத்து, ‘லிட்டில் நீமோ’வைத் தொடங்கினார்.

நீமோவில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பேச்சுக்குமிழ்களைப் படம் முடிந்த பிறகு கிடைத்த சந்தில் திணித்ததுபோல வைத்திருப்பார். எழுத்து நெருக்கிப் பிடித்து, சில இடங்களில் படிக்கவே முடியாது. உரையாடலிலும் சாரம் குறைவு. அதைவிட மனத்தை உறுத்துவது, ஆப்பிரிக்கச் சிறுவனாக வரும் இம்பி என்ற பாத்திரம். கறுப்பர்களை இழிவாகக் காட்டிய அந்தக் காலத்து அச்சு அப்படியே அவன்மேல் இருக்கிறது. இவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண் அங்கே மட்டும் பார்க்க மறுத்துவிட்டது. ரசிக்கும்போது இதையும் பார்த்துக்கொண்டே ரசிக்க வேண்டும்.

இதற்கிடையில் பாரிஸில் வேறு இரண்டு பேர் படங்களை அசைத்துவிட்டார்கள். 1892 அக்டோபர் 28 அன்று எமில் ரெய்னோ ஒரு மெழுகுச்சிலைக் காட்சியகத்தில், தான் கையால் வண்ணம் தீட்டிய நீண்ட படச்சுருளைத் திரையில் ஓட்டிக் காட்டினார். லூமியர் சகோதரர்களின் சினிமாக் காட்சிக்கு மூன்றாண்டுகள் முன்னால். சுருளை அவரே முன்னும் பின்னும் ஓட்டுவார். ஒரு பாத்திரம் தயங்க வேண்டுமானால் அவர் கை தயங்கும். எட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர்வரை பார்த்தார்கள். பின்னர் சினிமா அவரை அடித்துப்போட்டது. மனம் வெறுத்து, கருவியை உடைத்து, சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். இரண்டே இரண்டு சுருள்கள் மிஞ்சின.

இன்னொருவர் எமில் கோல். அவரும் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்தான். 1908 ஆகஸ்டில் வெளிவந்த அவருடைய படம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சுமார் 700 வரைபடங்கள். கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்ததுபோன்ற குச்சி மனிதன் ஒருவன் பூவாகவும் யானையாகவும் புட்டியாகவும் மாறிக்கொண்டே போகிறான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து, நெகட்டிவாக அச்செடுத்ததால் கரும்பலகைத் தோற்றம் வந்தது. அழகான படம். ஆனால் அந்த மனிதனுக்கு எலும்பும் இல்லை, எடையும் இல்லை. அவன் காற்றில் நெளியும் கோடு. கோல் வேண்டியது அதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மெக்கே போன வழி வேறு என்பதற்காகச் சொல்கிறேன்.

மெக்கே 1906 முதல் பல்சுவை மேடைகளிலும் ஏறியிருந்தார். பாட்டு, கோமாளி, கழைக்கூத்து, பழக்கிய விலங்குகள் என்று வரிசையாக வரும் நிகழ்ச்சிகளுக்கு நடுவில் சாக்கட்டியோடு வந்து, பலகையில் ஓர் ஆண், ஒரு பெண் முகங்களை வரைந்து, கோடுகளை மாற்றி மாற்றி அவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை கொண்டுபோவார். இங்கும் காலத்தைக் கோட்டால் நகர்த்தும் வேலைதான். ஒருநாள் மகன் ராபர்ட் சில புரட்டுப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தான், அதிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று மெக்கே பின்னாளில் சொன்னார். 1911இல் நீமோவும் தோழர்களும் திரைக்கு வந்தார்கள். 4,000 வரைபடங்கள், பிலிமின் ஒவ்வொரு பிரேமுக்கும் கையால் வண்ணம். அதில் கதையே கிடையாது. பாத்திரங்கள் நீள்கிறார்கள், அகல்கிறார்கள், வணங்குகிறார்கள், டிராகன் வாய்க்குள் இருக்கும் இருக்கையில் அமர்ந்து போய்விடுகிறார்கள். பார்த்தவர்களில் பலர் இதை வரைந்த படம் என்று நம்பவில்லை; உண்மையான ஆட்களைப் படம்பிடித்துச் செய்த தந்திரம் என்றார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு கொசு. தொப்பி போட்ட பெரிய கொசு, தூங்கும் மனிதனின் இரத்தத்தைக் குடிக்கிறது. குடிக்கக் குடிக்க வயிறு பருக்கிறது. பருத்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாமல் தள்ளாடுகிறது. இன்னும் ஆசை விடாமல் குடித்து வெடித்துப்போகிறது. கோலின் கோட்டு மனிதனுக்கும் இந்தக் கொசுவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், வயிறு கனத்தது என்பதுதான் பதில்.

பிறகு கெர்ட்டி. இந்த முறை டைனோசர். மாதிரிக்கு நிறுத்தி வைத்துப் படம்பிடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது!

1914 பிப்ரவரி 8, சிகாகோவின் பேலஸ் அரங்கு. மெக்கே கையில் சாட்டையோடு மேடையில் நிற்கிறார், மிருகங்களைப் பழக்குபவரைப்போல. திரையில் பாறைகளும் ஏரியும். அவர் அழைக்கிறார், குகையிலிருந்து கெர்ட்டி வெட்கப்பட்டுத் தலையை நீட்டுகிறது. வணங்கச் சொன்னால் வணங்குகிறது. காலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறது. சொன்ன காலை அல்ல. அவர் அதட்டினால் அழுகிறது. அப்போது அவர் ஒரு பழத்தை எறிவார். அட்டையில் செய்த பழம் அவர் உள்ளங்கையில் மறைந்துவிட, திரையில் வரைந்த பழம் கெர்ட்டியின் வாயில் விழும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் போவார். அதே நொடி திரையில் வரைந்த மெக்கே தோன்றி, கெர்ட்டியின் முதுகில் ஏறிப் போய்விடுவார்.

மேடைத் தந்திரத்தை விட்டுவிட்டு அந்த உடலை மட்டும் பாருங்கள். நிற்கும்போது கெர்ட்டி சும்மா நிற்பதில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி ஆடிக்கொண்டே நிற்கிறது, கட்டுத்தறியில் நிற்கும் கோயில் யானையைப்போல. காலை ஊன்றும் இடத்தில் தரை சற்று அமுங்குகிறது. மரத்தைப் பிடுங்கித் தின்றால் வேரிலிருந்து மண் உதிர்கிறது. ஏரியைக் குடித்து முடித்த வாயிலிருந்து நீர் சொட்டுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் விலா ஏறி இறங்குகிறது. மூச்சை எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்கு மெக்கே கடிகாரத்தை வைத்துக்கொண்டு தன் மூச்சையே அளந்தார்.

வேலை நடந்த விதம் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆறரைக்கு எட்டரை அங்குல மெல்லிய அரிசித் தாள்கள். பின்னணியை ஒருமுறை வரைந்து நிலையாக வைக்கும் வழி அவரிடம் இல்லை. ஆகவே கெர்ட்டி ஒரு விரலை அசைத்தாலும் பாறை, ஏரி, மலை எல்லாவற்றையும் அடுத்த தாளில் மறுபடி வரைய வேண்டும். அந்தப் பின்னணியைத் தாளுக்குத் தாள் நகலெடுத்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர். தாள்கள் நகராமல் பொருந்த மூலைகளில் குறுக்குக்கோட்டுக் குறிகள். ஓர் அசைவுக்கு முதல் நிலையையும் இறுதி நிலையையும் முதலில் வரைவார், பிறகு நடுநிலை, பிறகு அவற்றின் நடு, இப்படியே இடைவெளி நிரம்பும்வரை. ஆடுவது, மூச்சுவிடுவது போன்ற அசைவுகளுக்கு ஒரே தாள் அடுக்கைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். இந்த இரண்டு முறைகளும் கையால் வரையும் அனிமேஷனில் இன்றும் அன்றாட வழக்கம்.

கெர்ட்டியை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும்போது பாறைக் கோடுகளைக் கவனியுங்கள். அவை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய பிலிமின் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பாறையும் ஆயிரக்கணக்கான முறை கையால் வரையப்பட்டதன் தடம் அது. பின்னாளில் அனிமேஷனிலிருந்து மறைந்துபோன நடுக்கம்.

மறைந்தது இப்படித்தான். கெர்ட்டி உருவாகிக்கொண்டிருந்தபோதே ஒருவர் பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு மெக்கேயைப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். மெக்கே ஒளிவுமறைவின்றி எல்லாவற்றையும் காட்டினார். வந்தவர் ஜான் ராண்டால்ஃப் பிரே. சீக்கிரமே அவர் அனிமேஷன் முறைகளுக்குக் காப்புரிமை வாங்கத் தொடங்கினார். பிறகு மெக்கேமீதே வழக்கும் போட்டார். வழக்கு மெக்கேயின் பக்கம் முடிந்தது. சில காலம் அவருக்கு உரிமைத்தொகைகூட வந்தது. தானாகக் காப்புரிமை எடுக்க அவர் விரும்பவே இல்லை. பிரேயோடு சேர்ந்த எர்ல் ஹர்டு, கண்ணாடிபோன்ற செல்லுலாய்டுத் தாளில் பாத்திரத்தை வரைந்து ஒரே பின்னணியின்மேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் பாறையை ஒருமுறை வரைந்தால் போதும். வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடிந்தது. ஸ்டுடியோ பிறந்தது. அது நல்லதுதான், அது இல்லாமல் பின்னால் வந்த எந்தப் பெரிய படமும் இல்லை. ஆனால் ஸ்டுடியோக்கள் முதலில் எடுத்துக்கொண்டது வேகத்தை மட்டுமே. வாரத்துக்கொரு படம் தள்ள வேண்டிய அவசரத்தில் கனம், மூச்சு எல்லாம் கைவிடப்பட்டன. கெர்ட்டிக்கு நிகரான உடலை மறுபடி திரையில் பார்க்க 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே என் கணிப்பு.

1915இல் ஹெர்ஸ்டும் தன் பத்திரிகைத் தொடர்களை அனிமேஷனாக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில் மூடினார். அங்கே திரைக்குப் போனவற்றில் ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ ஒன்று. ஒரு பூனை எலியைக் காதலிக்கிறது. எலி அதன் தலையில் செங்கல் எறிகிறது. பூனை செங்கல்லைக் காதலின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பூனையை நேசிக்கும் நாய்க் காவலர் எலியைச் சிறையில் அடைக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதுவே. ஹெரிமனின் பக்கத்தில் பாத்திரங்கள் ஒரே இடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்; ஆனால் கட்டத்துக்குக் கட்டம் பின்னால் உள்ள மலை மரமாகும், பகல் இரவாகும், அரிசோனாப் பாலைவனம் புதிதாக அடுக்கப்படும். ஒருவரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில்தான் அந்த மாற்றம் நடக்கிறது. திரையில் அந்த இடைவெளி கிடையாது. பூனையும் எலியும் செங்கல்லும் திரைக்குப் போயின, பாலைவனம் போகவில்லை. சித்திரத்தொடரிலிருந்து அனிமேஷனுக்குப் பாதை உண்டு என்றாலும் எல்லாம் அந்தப் பாதையில் போய்விடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1911இலேயே மெக்கே ஹெர்ஸ்டின் இதழுக்கு மாறியிருந்தார். ஹெர்ஸ்டுக்கு அவர் மேடையில் ஆடுவது பிடிக்கவில்லை. தலையங்கங்களுக்குப் படம் வரைய வைத்தார். அந்த வேலைக்கு நடுவில், சொந்தச் செலவில், ஏறத்தாழ 22 மாதம் உழைத்து மெக்கே ஒரு படம் எடுத்தார். 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு அயர்லாந்துக் கரைக்கு அருகே லூசிடேனியா கப்பல் 18 நிமிடத்தில் மூழ்கியது. 1,198 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைப் படம்பிடித்தவர் எவரும் இல்லை. இல்லாத செய்திப்படத்தை 25,000 வரைபடங்களால் மெக்கே உண்டாக்கினார். 1918 ஜூலையில் வெளியானது. போர்க்காலப் பிரசாரம்தான், எழுத்து அட்டைகளில் ஆத்திரம் கொதிக்கிறது. ஆனால் அந்தக் கப்பல் சாயும் விதத்தைப் பாருங்கள். அவசரமே இல்லை. அவ்வளவு பெரிய இரும்பு எவ்வளவு மெதுவாகச் சாயுமோ அவ்வளவு மெதுவாகச் சாய்கிறது. ஓரத்திலிருந்து மனிதர்கள் புள்ளிகளாக உதிர்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் தேவாலயக் கோபுரத்தில் இடறிச் சாய்ந்த கட்டிலை வரைந்த அதே கைதான்.

மெக்கே 1934இல் இறந்தார். நடக்கும் கட்டில் வெளிவந்த அதே ஜூலை 26ஆம் தேதி.

இவையெல்லாம் நமக்குக் கிடைத்ததே அதிசயம். செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்கக்கூடியது. அமெரிக்க நூலகங்கள் பழைய தொகுப்புகளைச் சின்னப் பிலிம் சுருள்களில், அதாவது மைக்ரோபிலிமாக, படமெடுத்துவிட்டு, தாள்களை எறியத் தொடங்கின. மைக்ரோபிலிம் கறுப்பு வெள்ளை. வண்ணம் முழுக்கப் போயிற்று. பில் பிளாக்பியர்டு என்பவர் 1967இல் சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பைத் தொடங்கி, நூலகங்கள் கழித்துப்போட்ட தொகுப்புகளைத் தன் வீட்டில் சேர்த்தார். அறைகள், நடை, நிலவறை எல்லாம் செய்தித்தாள். 1998இல் அவை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. மொத்தம் 75 டன்.